அபூர்வப் பறவை வந்தால் செய்தியாக்காதீர்கள், கணக்கில் ஏற்றுங்கள்

மார்கழி பிறந்துவிட்டால் எங்கள் நெல்லைச் சீமையில் பறவை பார்க்கிறவர்களின் செல்பேசிக்கு ஓய்வு கிடையாது. நாங்குநேரிப் பக்கம் ஒரு குளத்தில் வரித்தலை வாத்து இறங்கியிருக்கிறது, வள்ளியூர்ப் பக்கம் தரிசில் பூனைப்பருந்து சுற்றுகிறது, எங்கோ ஒற்றைச் செங்கால் நாரை நிற்கிறது என்று நாளுக்கு நாலு தகவல் வரும். படம் வரும். கூடவே இடத்தைக் காட்டும் வரைபடக் குறியும் வரும். மறுநாள் விடியும்போது அந்தக் குளத்துக்கரையில் கார்கள் நிற்கும்.

இதைப் பற்றி இயற்கை உழவர்களாகிய நாம் ஒரு முடிவுக்கு வரவேண்டும் என்று நினைக்கிறேன். ஏனென்றால் அந்தப் பறவைகள் இறங்குவது நம்ம குளத்தில், நம்ம வயலில், நம்ம தரிசில். தகவல் பரிமாறிக்கொள்வதோ பெரும்பாலும் டவுன் நண்பர்கள். நாம் ஒன்று வேடிக்கை பார்க்கிறோம், இல்லையென்றால் வம்பு எதுக்கு என்று வாயை மூடிக்கொள்கிறோம். இரண்டுமே சரியில்லை. அபூர்வப் பறவையைப் பார்த்தால் கட்டாயம் சொல்லவேண்டும். ஆனால் அதைச் செய்தியாகச் சொல்லக்கூடாது, கணக்காகச் சொல்லவேண்டும். அந்தக் கணக்கை எழுதத் தகுதியான ஆள் தினமும் வயலில் நிற்கிற உழவர்தான். இதுதான் நான் சொல்ல வருவது.

முப்பது வருடத்துக்கு மேல் வங்கியில் பேரேட்டோடு வாழ்ந்தவன் நான். இப்போது நாலு ஏக்கரில் பிசான நெல்லும் உளுந்துமாக ஓடுகிறது. அதனால் பறவையையும் கணக்கப்பிள்ளை கண்ணால்தான் பார்க்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சொன்னதால் என்ன நடந்தது?

"அண்ணாச்சி, பறவையை எழுதி வச்சு என்ன ஆவப்போவுது?" என்று கூட்டங்களில் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி.

நாகாலாந்தில் தொயாங் என்ற நீர்த்தேக்கம் இருக்கிறது. சைபீரியா, வடசீனப் பக்கமிருந்து தெற்கு ஆப்பிரிக்காவுக்குப் போகும் அமூர் வல்லூறுகள் அங்கே இறங்கி இளைப்பாறும். 2012-ல் அங்கே வலை விரித்து அந்தப் பறவைகளை மொத்தமாகப் பிடித்துக் கொன்றார்கள். ஒரு லட்சத்துக்கும் மேலே என்று மதிப்பிட்டார்கள். நேரில் பார்த்தவர்கள் படத்தோடும் எண்ணிக்கையோடும் வெளியே சொன்னார்கள். அடுத்த வருடமே, 2013-ல், அந்த ஊர்க்காரர்களே கூடி வேட்டையை நிறுத்தினார்கள். சட்டம் போய் நிறுத்தியது பாதி என்றால், ஊர் முடிவெடுத்தது மீதி. அந்தப் பறவைகள் சிலவற்றின் முதுகில் கருவி பொருத்திப் பின்தொடர்ந்ததில், அவை நம் தீபகற்ப இந்தியாவைத் தாண்டி அரபிக்கடலைக் கடப்பது தெரிந்தது. கணக்கு இல்லாமல் சத்தம் மட்டும் போட்டிருந்தால் இது நடந்திருக்காது.

இன்னொன்று. 2023-ல் 'இந்தியப் பறவைகளின் நிலை' என்று ஓர் அறிக்கை வந்தது. 30,000-க்கும் மேற்பட்ட சாதாரணப் பறவை ஆர்வலர்கள் எழுதிவைத்த ஏறக்குறைய 3 கோடி பதிவுகளை வைத்து 942 இனங்களை ஆராய்ந்திருந்தார்கள். வலசை வரும் பறவைகளும், இரைதின்னும் பறவைகளும், புல்வெளி மற்றும் திறந்தவெளிப் பறவைகளும் குறைந்துவருகின்றன என்று அது சொன்னது. நம் பனைமரத்திலும் மின்கம்பியிலும் உட்கார்ந்திருக்கும் பனங்காடைகூட கவலைப்படவேண்டிய நிலைக்கு வந்திருக்கிறது. அதே அறிக்கைதான் மயில் வேகமாகப் பெருகுகிறது என்றும் சொன்னது. மயிலால் நாற்றும் நெல்மணியும் இழந்து புலம்புகிற நம் ஆட்கள் இதைக் கவனிக்கவேண்டும். "மயில் ஜாஸ்தியாயிட்டு" என்று நாம் அலுவலக வாசலில் நின்று சொன்னால் அது புகார். நாடு முழுக்க எழுதிய கணக்கு சொன்னால் அது ஆதாரம். கணக்கு யார் பக்கமும் சாயாது. பனங்காடைக்கும் அது பேசும், உழவனுக்கும் அது பேசும்.

அடுத்து பூனைப்பருந்து. கஜகஸ்தான் புல்வெளி மாதிரி இடங்களில் குஞ்சு பொரித்துவிட்டு, புரட்டாசி ஐப்பசிக்கு மேல் நம் பக்கம் வரும். தரையை ஒட்டித் தாழப் பறந்து வெட்டுக்கிளியைப் பிடித்துத் தின்னும். ராத்திரியில் மரத்தில் அடையாது. புல் வளர்ந்த தரிசில், தரையிலேயே கூட்டமாக அடையும். பெங்களூரின் ஏட்ரீ நிறுவன ஆய்வாளர்கள், இந்தியாவில் இப்படி அடையும் இடங்களில் பல ஆண்டுகளாக எடுத்த எண்ணிக்கைகளைத் தொகுத்து 2018-ல் வெளியிட்டார்கள். முப்பது வருடத்தில் அவை குறைந்துபோயிருக்கின்றன என்பது அதில் தெரிந்தது. வெட்டுக்கிளிக்கு நாம் வேப்பங்கொட்டைக் கரைசல் அடிக்கிறோம். கூலி கேட்காமல் அதே வேலையைச் செய்ய ஆறாயிரம் கிலோமீட்டர் அளவுக்குப் பறந்து வருகிற ஆள் குறைகிறான் என்றால், அது நம் பண்ணைக் கணக்கில் நஷ்டம்தானே?

சூறைக்குருவியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சோளத்தையும் கம்பையும் கொத்துகிறது என்று நாம் டப்பாவைத் தட்டி விரட்டுகிறோம். சீனாவின் சின்ஜியாங் பகுதியில் அதே குருவி வெட்டுக்கிளியைத் தின்கிறது என்பதற்காகக் கல் அடுக்கி அதற்குக் கூடு கட்ட இடம் செய்துகொடுக்கிறார்கள். ஓர் ஊரில் வரவு, இன்னோர் ஊரில் செலவு. இரண்டையும் எழுதினால்தான் நிகரம் தெரியும்.

எப்படிச் சொல்லக்கூடாது?

சொல்வது நல்லது என்றால் எப்படியும் சொல்லலாம் என்று ஆகிவிடாது. எங்கள் பக்கத்தில் இரண்டு வருடத்துக்கு முந்தி நடந்தது இது. குளத்து உள்வாயில் ஒரு செங்கால் நாரை வந்து நின்றது. நம் பக்கம் எப்போதாவது ஒரு குளிர்காலத்தில் வருகிற பறவை. உள்வாயை ஒட்டி மானாவாரியாக உளுந்து போட்டிருந்த விவசாயிதான் முதலில் பார்த்தார். நாரையென்றால் அவருக்குக் குழந்தைபோல் சந்தோஷம். படம் எடுத்து மகனுக்கு அனுப்பினார். மகன் நண்பருக்கு, நண்பர் குழுவுக்கு. ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்துப் பதினைந்து பேர் பெரிய பெரிய கேமராக்களோடு வந்துவிட்டார்கள். கரையில் இடம் போதவில்லை. பூவும் பிஞ்சுமாக நின்ற உளுந்துக்குள் இறங்கி நடந்தார்கள். பறக்கிற படம் வேண்டுமென்று ஒருவர் கைதட்டினார். நாரை அன்றைக்கே போய்விட்டது.

அந்த விவசாயி இப்போது சொல்கிறார்: "இனிமே குளத்துக்குள்ள யானையே வந்து நின்னாலும் ஒருத்தர்ட்டயும் மூச்சு விடமாட்டேன்."

இதில் நஷ்டம் இரண்டு. உளுந்து மிதிபட்டது ஒன்று. அதைவிடப் பெரியது, நல்ல ஒரு கணக்கெழுதுகிற ஆளை நாம் இழந்தோம். அவர் அந்தக் குளத்தை நாற்பது வருடமாகப் பார்க்கிறவர். படம் எடுத்துப் போனவர்கள் அந்தக் காலையில் மட்டும் பார்த்தவர்கள். அன்று குளத்தில் வேறு என்னென்ன பறவை, எத்தனை இருந்தது என்று அவர்களில் யாரும் எழுதியதாகத் தெரியவில்லை. ஒற்றை நாரை செய்தியானது. குளம் கணக்கில் வரவில்லை.

கும்பல் வந்தால் பறவைக்கு வேறொரு ஆபத்தும் உண்டு. நாம் படிக்கிற தகவலை வலைக்காரனும் படிக்கிறான். வாத்துக்குக் கண்ணி வைக்கிறவர்களும் விஷம் கலந்த தானியம் போடுகிறவர்களும் இன்னும் இருக்கத்தான் செய்கிறார்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். ஆனால் சட்டம் வருவதற்குள் கறி வெந்துவிடும். அபூர்வமான பறவை, அதுவும் ஒன்றோ இரண்டோ மட்டும் இருக்கிறது என்றால், அது நிற்கிற இடத்தை அன்றைக்கே ஊரறியச் சொல்வது, கல்லாப்பெட்டிச் சாவியை வாசலில் தொங்கவிடுவது மாதிரி.

வவுச்சர் எங்கே?

வங்கியில் பெரிய தொகை வரவானால் முதலில் வவுச்சரைத்தான் பார்ப்போம். பறவைக் கணக்கிலும் அபூர்வமானது பெரிய தொகைதான். ஆதாரம் இல்லாமல் ஏற்றக்கூடாது. 'ஈபேர்டு' என்ற உலகளாவிய பதிவேட்டில், ஓர் ஊருக்குப் புதிதான பறவையை ஏற்றினால் அங்கே தன்னார்வமாகச் சரிபார்க்கிறவர்கள் விவரம் கேட்டு எழுதுவார்கள். நம் ஆட்களில் சிலருக்கு இதில் கோபம். "என்னையே நம்பமாட்டேங்கான்" என்கிறார்கள். அய்யா, காசோலையில் இரண்டாவது கையெழுத்து கேட்டால் முதல் ஆள் திருடன் என்றா அர்த்தம்? அமைப்பு சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

பொய் வவுச்சர் என்ன செய்யும் என்பதற்குப் பறவை உலகில் ஒரு கதை உண்டு, உண்மைக் கதை. மத்திய இந்தியக் காடுகளில் 'ஃபாரஸ்ட் அவ்லெட்' என்ற சிறு ஆந்தை இருக்கிறது. 1884-க்குப் பிறகு அதை நம்பத்தகுந்தபடி யாரும் பார்க்கவில்லை. ஆனால் கர்னல் மெய்னர்ட்ஸ்ஹேகன் என்ற புகழ்பெற்ற ஆங்கிலேயர் 1914-ல் குஜராத்தில் ஒன்றைச் சுட்டதாகப் பதப்படுத்திய பறவையும் சீட்டும் வைத்திருந்தார். பின்னாளில் பமீலா ராஸ்முசென் என்ற அமெரிக்க ஆய்வாளர் அதைச் சோதித்தபோது, அது 1880-களில் வேறொருவர் சேகரித்து அருங்காட்சியகத்தில் வைத்திருந்த பறவை, திருடிச் சீட்டை மாற்றி ஒட்டியது என்று தெரிந்தது. பொய்ச் சீட்டுகளைத் தள்ளிவிட்டு, உண்மையான பழைய பதிவுகள் சொன்ன பக்கம் போய்த் தேடினார்கள். 1997-ல் மகாராஷ்டிராவில் ஷஹாதா அருகே பறவை கிடைத்தது. 113 வருடம் கழித்து! பெரிய மனிதர் சொன்னார் என்பதற்காக ஒரு பதிவை நம்பக்கூடாது. சின்ன மனிதர் சொன்னார் என்பதற்காகத் தள்ளவும் கூடாது. சீட்டைத்தான் பார்க்கவேண்டும்.

நம்மிடம் ஏமாற்று அவ்வளவாக இல்லை, அவசரம்தான் உண்டு. செங்கால் நாரை என்று வருகிற தகவல்களில் பல, கடைசியில் நத்தைக்குத்தி நாரையாக முடியும். தூரத்தில் இரண்டும் வெள்ளை உடம்பு, கருப்புச் சிறகு. ஆனால் செங்கால் நாரைக்கு அலகும் காலும் நல்ல சிவப்பு, வால் வெள்ளை. நத்தைக்குத்திக்கு அலகு மங்கல் நிறம், நடுவில் இடைவெளி, வால் கருப்பு. இளம் நத்தைக்குத்திக்கு அந்த அலகு இடைவெளி இருக்காது, அதனால் வாலையும் பாருங்கள். இப்படி "ஏன் இது அது இல்லை" என்று ஒரு வரி எழுதினால் போதும், உங்கள் பதிவுக்கு மதிப்பு கூடிவிடும். தெளிவில்லை என்றால் "நாரை, இனம் உறுதியில்லை" என்று எழுதுங்கள். வங்கியில் சஸ்பென்ஸ் கணக்கு என்று வைத்திருப்போம். எந்தத் தலைப்பு என்று தெரியாத தொகையை அங்கே நிறுத்திவைத்து, தெரிந்தபிறகு மாற்றுவோம். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

வராததையும் எழுதுங்கள்

அபூர்வம் என்பது எதைவிட அபூர்வம்? சாதாரணத்தின் கணக்கு இருந்தால்தான் அபூர்வம் என்ற சொல்லுக்கே பொருள். தகைவிலான் கம்பியில் வரிசையாக உட்கார்ந்தது, மஞ்சள் வாலாட்டி உழவு சாலின் பின்னாலேயே வந்தது, பொரி உள்ளான் நாற்றங்காலில் இறங்கியது, இவையெல்லாம் குளிர்கால விருந்தாளிகள்தான். வருடா வருடம் வருவதால் நமக்கு மதிப்பில்லை. ஒரு மார்கழியில் இவை வராமல் போனால்தான் பெரிய செய்தி. ஆனால் அதைச் செய்தியாக்க முடியாது, ஏனென்றால் வந்த வருடங்களின் கணக்கு நம்மிடம் இல்லை.

கிளையில் பரிவர்த்தனை ஒன்றும் இல்லாவிட்டாலும் 'நில்' ஸ்டேட்மெண்ட் அனுப்பியே ஆகவேண்டும். 'இல்லை' என்பதும் தகவல். "இன்று குளத்தில் அரைமணி நேரம் நின்றேன், வாத்து ஒன்றும் இல்லை" என்ற ஒரு வரி, நாரைப் படம் நூறைவிடப் பிற்காலத்தில் பயன்படும்.

அதோடு, ஏன் இல்லை என்று ஊகிக்க உதவும் விவரத்தை உழவர்தான் எழுதமுடியும். குளம் நிரம்பி மறுகால் போகிறதா, முழங்கால் தண்ணீரா, சேறு தெரிகிறதா? வடகிழக்குப் பருவமழை கொட்டித் தீர்த்த வருடம் குளத்தில் ஆழம் கூடிவிடும். சேற்றில் குத்தித் தின்னும் உள்ளான்களுக்கு இடமிருக்காது, வேறு எங்காவது போய்விடும். அதைப் பார்த்து "உள்ளான் அழிந்துவிட்டது" என்று எழுதினால் தப்பு. மடை திறந்த தேதியும், நடவு நட்ட தேதியும், பக்கத்து வயலில் மருந்து அடித்த தேதியும் நமக்குத் தெரியும். பைனாகுலரோடு ஞாயிற்றுக்கிழமை வருகிறவருக்குத் தெரியாது.

இன்னொரு காரணமும் இருக்கிறது. இயற்கை வேளாண்மைக்கு மாறியபின் நிலத்துக்கு உயிர் திரும்பிவிட்டது என்று நம் மேடைகளில் சொல்கிறோம். நானும் நம்புகிறேன். ஆனால் பாஸ்புக் எங்கே? மாறிய முதல் வருடம் எத்தனை கரிச்சான் பறவைத்தாங்கியில் உட்கார்ந்தது, ஐந்தாம் வருடம் எத்தனை? எழுதிவைத்தால் நம் பேச்சுக்கு அடித்தளம் கிடைக்கும். ஒருவேளை எண்ணிக்கை கூடவில்லை என்று கணக்கு சொன்னால் அதையும் அச்சிடும் தைரியம் நமக்கு வேண்டும்.

"சொன்னா நிலம் போயிரும்"

இந்தப் பயத்தைக் கேலி செய்யமாட்டேன். பறவை வருகிறது என்று வெளியே தெரிந்தால் வனத்துறை வேலி போட்டுவிடும் என்று பலர் உண்மையிலேயே நினைக்கிறார்கள். ஒரு பறவைப் பதிவால் பட்டா நிலம் பறிபோகாது. சரணாலயம் அறிவிக்க அரசு அறிவிக்கை, உரிமை விசாரணை என்று நீண்ட நடைமுறை இருக்கிறது. எங்கள் மாவட்டத்துக் கூந்தன்குளத்தையே பாருங்கள். 1994-ல் சரணாலயம் ஆனது. ஆவதற்கு முன்னும் பின்னும் அந்த ஊர் அங்கேதான் இருக்கிறது. வீட்டு மரங்களிலேயே நாரைகள் கூடு கட்டுகின்றன. சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அதை அவர்கள்மேல் யாரும் திணிக்கவில்லை.

கணக்கு நம் கையில் இருந்தால்தான் நாளைக்கு யாராவது ஓர் அதிகாரியோ நிறுவனமோ வந்து பேசும்போது நாம் எதிரே உட்கார்ந்து பேசமுடியும். "இந்தத் தரிசில் ஒன்றுமே இல்லை" என்று சொல்லித்தான் அதைத் தட்டிச் சமப்படுத்துகிறார்கள். பூனைப்பருந்து எட்டு வருடமாக அடைகிற தரிசு என்று ஊர்க்காரர் நோட்டு சொன்னால், அந்தப் பேச்சே வேறு மாதிரி போகும்.

என்ன செய்யலாம்?

ஒன்று, பண்ணைக்கு ஒரு நோட்டு. வாரத்தில் ஒரு நாள், ஒரே இடம், 15 நிமிடம். தேதி, நேரம், தண்ணீர் அளவு, பறவை, எண்ணிக்கை. பெயர் தெரியாவிட்டால் ஊர்ப்பெயரோ அடையாளமோ எழுதுங்கள்.

இரண்டு, புதிதாக ஒன்றைப் பார்த்தால் முதலில் நின்ற இடத்திலேயே நில்லுங்கள். அலகு, கால், வால் நிறம் எழுதுங்கள். செல்பேசிப் படம் மங்கலாக இருந்தாலும் எடுங்கள். பக்கத்தில் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள், அதுதான் இரண்டாவது கையெழுத்து.

மூன்று, முதலில் நிலத்துக்காரரிடம் சொல்லுங்கள். அடுத்தது பதிவேட்டில் ஏற்றுங்கள். பிறகு விவரம் தெரிந்த ஒன்றிரண்டு பேரிடம் கேளுங்கள். பொதுக் குழுவில் போடுவதாக இருந்தால் பறவை போனபின் போடுங்கள், அல்லது வட்டத்தின் பெயரோடு நிறுத்துங்கள். குளத்தின் பெயர் வேண்டாம், வரைபடக் குறி வேண்டவே வேண்டாம். ஆபத்திலிருக்கும் சில இனங்களுக்கு ஈபேர்டே இடத்தை மறைத்துத்தான் காட்டுகிறது. அந்த ஒழுங்கை நாமும் வைத்துக்கொள்வோம்.

நான்கு, பறவை பார்க்க வரும் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. கேட்டுவிட்டு வாருங்கள், மோர் கொடுத்து வரவேற்போம். வரப்பில் நடங்கள், பயிரில் இறங்காதீர்கள். பறவையின் குரலைப் பதிவில் போட்டு அழைக்காதீர்கள், கைதட்டிப் பறக்கவைக்காதீர்கள். போகும்போது உங்கள் பட்டியலில் ஒரு பிரதியை அந்த விவசாயியிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். அது அவர் நிலத்தின் கணக்கு.

ஐந்து, தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கலை ஒட்டி ஜனவரியில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. மாட்டுப்பொங்கல், காணும்பொங்கல் நாட்கள். பிள்ளைகள் ஊருக்கு வந்திருப்பார்கள். தாமிரபரணிப் படுகையிலும் ஜனவரியில் குளம் குளமாக நீர்ப்பறவைகளை எண்ணுகிறார்கள். இந்தத் தையில் நம் இயக்கத்தின் ஒவ்வொரு வட்டார அமைப்பும் ஐந்து பண்ணைகளையாவது இதில் சேர்க்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நாரை வந்தால் நாரையை எழுதுவோம். கொக்கும் மைனாவும் மட்டும் வந்தால் அதையும் எழுதுவோம். மாசியில் கூடும்போது நோட்டுகளோடு வாருங்கள், உட்கார்ந்து டேலி பண்ணிப் பார்ப்போம்.